அனுப்புநர் பெயர்

இரண்டாவது முறையும் சொட்டு விழுந்தது. முதலில் குளிர்ச்சி, பிறகு எரிச்சல், பிறகு தொண்டையின் அடியில் ஒரு கசப்பு. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வந்து சேர்கிறது என்று வடிவாம்பாள் ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். உடம்புக்குள் நமக்குச் சொல்லாமல் எத்தனை வழிகள் திறந்து கிடக்கின்றன. மூடியே வைத்திருக்க வேண்டும், நடுவில் திறந்து பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து விட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் பஞ்சைக் கையில் திணித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். கூடம் முழுவதும் கண் மூடிய மனிதர்கள். உள்ளே வரும்போது பார்த்திருந்தாள், வரிசை வரிசையாகத் தலையைச் சுவரில் சாய்த்து, கன்னத்தில் மருந்து வழிய, யாருக்கோ துக்கம் காக்கிறவர்களைப் போல. இப்போது அவளும் அதில் ஒருத்தி. பக்கத்தில் ஆவுடை, அவள் கணவரின் தங்கை, துணைக்கு வந்தவள். ஆவுடைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. வாயும் நன்றாகத்தான் இருந்தது. கேன்டீன் காப்பியைக் கழுநீர் என்றாள், எதிரே இருக்கிறவர் மூடிய கண்ணோடு முறுக்குத் தின்பதைக் காதோரம் வர்ணித்தாள், டாக்டர் வருவதற்குள் நமக்கு மறுபடியும் கண் புதுசாக முளைத்துவிடும் என்றாள். அவள் கைப்பைக்குள் போன் ஒரு மணி ஓசை எழுப்பும். உடனே ஜிப் திறக்கும் சர்ரென்ற சத்தம், ஒரு அமைதி, பிறகு ஜிப் மூடும் சத்தம். எந்தச் சிறு ஓசையையும் ஆவுடை காக்க வைத்ததில்லை. வடிவாம்பாளின் போன் மடியில் கிடந்தது, சூடாக, ஒரு குஞ்சைப் போல. அதில் ஒரு பக்கம் திறந்தபடி இருக்கிறது. எழுத வேண்டியது எல்லாம் எழுதியாயிற்று. மூலையில் அனுப்புவதற்கான நீலப் பொத்தானை அழுத்துவது மட்டும்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லச் சொல்லியிருந்தான் மகிழ்நன்.

மகிழ்நன் பதிப்பாளன். சென்னையில் சின்னதாக ஒரு பதிப்பகம் வைத்திருக்கிறான். அவள் கவிதைகளைப் படித்துவிட்டு அவனே கூப்பிட்டான், குரலில் மரியாதை இருந்தது, அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்தியது. நன்றாக இருக்கிறது அம்மா, ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் யார் வாங்குவார்கள் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே, மாமியாரின் மூத்திரத் துணி அலசிய கையோடு, பிள்ளை இல்லாத வீட்டின் நீண்ட மத்தியானங்களில். யார் வாங்குவார்கள் என்று ஒரு தடவைகூட அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டாளோ என்னவோ. வாசகரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றான் மகிழ்நன். மெயிலில் ஒரு நியூஸ்லெட்டர் தொடங்குங்கள், வாரம் ஒரு கவிதை, கூட நாலு பத்தி உரைநடை. முதலில் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், அவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புவார்கள். ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டால் புத்தகத்தை நான் போடுகிறேன். "ஃபேஸ்புக் எல்லாம் வாடகை வீடும்மா, எப்ப வேணா காலி பண்ணச் சொல்லுவான். மெயில் லிஸ்ட்தான் நம்ம சொந்த வீடு," என்றான். சொந்த வீடு. அவள் சிரித்துக்கொண்டாள். இப்போது குடியிருக்கிற வீட்டின் வரி ரசீது இன்னும் காலமான கணவர் சிதம்பரநாதன் பெயரில்தான் வருகிறது, கரண்ட் பில்லும் கேஸ் புத்தகமும் அப்படியே. புத்தகம் என்றால் எப்படியிருக்கும்? அட்டை, முதுகில் பெயர், உள்ளே முதல் பக்கத்தில் மறுபடியும் பெயர். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தொட்டால் போதாது. இந்த வியாதி பார்வையை ஓரங்களிலிருந்துதான் தின்னும் என்று டாக்டர் போன தடவை சொல்லியிருந்தார். நடுவில் கடைசிவரை ஒரு சின்ன வட்டம் நிற்கும், வட்டத்துக்குள் எல்லாம் துல்லியமாகத் தெரியும், சாவித் துவாரம் வழியே பார்ப்பதுபோல. ஒரு புத்தகத்தின் அட்டை அந்த வட்டத்துக்குள் அடங்கும் இப்போது. அடுத்த வருஷம் பெயர் மட்டும் அடங்கலாம். அதற்கடுத்து ஒரு எழுத்து. எந்த எழுத்து? வ. வளைந்து உள்ளே போய் நிமிரும் வ.

மெயில் என்று அவளுக்குத் தனியாக ஒன்று இருந்ததில்லை. ஊரில் அவள் வயதுப் பெண்கள் யாருக்குத்தான் இருந்தது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற வாரம் சிதம்பரநாதன் கடைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்து, ஒரு மெயில் முகவரி திறந்து, பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தையும் போட்டு, சஃபாரி சட்டையில் எடுத்த போட்டோவைச் சின்ன வட்டமாக ஒட்டி வைத்தார். உனக்கு வேணும்னா இதுலயே அனுப்பிக்க, எதுக்கு ரெண்டு, என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒரே மெயில். கவிதைகள் அவர் முகவரியிலிருந்து பத்திரிகைகளுக்குப் போயின, பதில்கள் அன்புள்ள ஐயா என்று வந்தன. ஒரு தடவை அச்சிலும் அப்படியே வந்துவிட்டது. அணை நீரைப் பற்றிய கவிதை, மதகு திறந்ததும் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீருக்குத் தான் அடைபட்டுக் கிடந்தது நினைவிருக்குமா என்று கேட்கிற கவிதை. அடியில் சிதம்பரநாதன் என்று போட்டிருந்தார்கள். கவிதையின் முடிவில் தன் பெயரை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை, மெயிலைப் பார்த்தவர்கள் மேலே இருந்த பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பழைய ஆபீஸில் காட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அல்வாவோடு வந்தார். எல்லாரும் பாராட்டுனாங்க, என்றார். யாரை? அதை அவள் கேட்கவில்லை. இலையில் ஒட்டிய நெய்யை விரலால் வழித்துக்கொண்டே, என் வீட்டுக்காரி எழுதியது என்று சொல்லியிருப்பார், சொல்லியிருக்க மாட்டார், சொல்ல வந்திருப்பார், அதற்குள் யாராவது கை குலுக்கியிருப்பார்கள், என்று போய்ப் போய் வந்தாள். அந்தக் கேள்வி அவளிடம் பல வருஷம் இருந்தது, முழங்கால் வலி மாதிரி, மழைக்காலத்தில் அதிகமாக. அவர் போன பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு மின்வாரிய போர்மேன், கை நடுங்கும் பெரியவர், பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு அவளிடம் வந்து நின்றார். சார் கவிதை எல்லாம் எழுதுவாங்களேம்மா, தண்ணியைப் பத்தி ஒண்ணு, எனக்கு இன்னும் மனப்பாடம் என்றார். நாலு வரி சொன்னார். ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அவள் கவிதையை வேறொரு வாய் சொல்லி அவள் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். தலையை ஆட்டினாள். அப்போது வந்த அழுகையை எல்லாரும் சரியான காரணத்துக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

கசப்பு இன்னும் போகவில்லை. ஆவுடை தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து கையில் கொடுத்தாள், சிந்தாமல் குடிங்க மதினி, அப்புறம் கண்ணுலதான் வழியுதுன்னு டாக்டர் நினைச்சுக்கிடுவார் என்றாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது தஞ்சாவூர் சுப்பையா சாரின் குரல் நினைவுக்கு வந்தது. போன வாரம் மகிழ்நன் சொன்னபடி ஒரு வெள்ளோட்டம் பார்த்தாள். சிதம்பரநாதனின் முகவரிப் பட்டியலிலிருந்து நெருங்கிய சிலரை மட்டும் எடுத்து, மார்கழிக் குளிரைப் பற்றி ஒரு பத்தியும் கீழே ஒரு கவிதையும் அனுப்பினாள். இந்தத் தடவை மறக்காமல் கவிதையின் அடியில் தன் பெயரைப் போட்டாள். மேலே என்ன பெயர் போகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அதே மதகு, அதே தவறு. மறுநாள் காலையில் தஞ்சாவூரிலிருந்து சுப்பையா சார் கூப்பிட்டார். சிதம்பரநாதனோடு ஒன்றாகப் படித்து ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், இரண்டு தடவை நெஞ்சு வலி வந்தவர். "அவன் பேரும் போட்டோவும் வந்து நின்னுச்சும்மா. ஒரு நிமிஷம் எனக்கு ஒண்ணும் தோணலை. என்னடா இவ்வளவு நாளா ஆளையே காணோம்னு பதில் போடத்தான் கை போச்சு," என்றார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கவிதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திறந்து கீழே போனாரா என்றே தெரியவில்லை. ஆனால் அன்று மத்தியானம் எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது அனுப்பிய எல்லாருமே மெயிலைத் திறந்திருந்தார்கள். யாரோ ஒருவர் திரும்பத் திரும்பத் திறந்திருந்தார். விடிந்ததும், காலையில், மத்தியானத்துக்கு முன்னால், மறுநாளும், அதற்கு மறுநாளும். யார் என்று பார்க்கிற வழி அவளுக்குத் தெரியவில்லை, ஒரே ஆள் என்பதும் நேரமும் எண்ணிக்கை ஏறுவதும் மட்டும் தெரிந்தன. மகிழ்நனிடம் சொன்னாள். எல்லாருமே திறந்தாங்களா, இந்தத் தொழிலில் நான் அப்படிப் பார்த்ததே இல்லையேம்மா என்று அவன் அசந்துபோனான். என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள், அனுப்புகிறவர் பெயரை மட்டும் நடுவில் மாற்றிவிடாதீர்கள், ஜனங்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான், அதைப் பார்த்துத்தான் திறப்பார்கள் என்றான். அவன் தெரிந்து சொல்லவில்லை. தெரியாமல் சொன்னதுதான் சரியாகக் குத்தியது. ஆனாலும் அந்த ஒருவர் இருக்கிறாரே. திரும்பத் திரும்பத் திறக்கிறவர். சிதம்பரநாதன் பெயருக்காக ஒரு தடவை திறக்கலாம், இத்தனை தடவை திறக்க முடியுமா. மார்கழிக் கவிதையில் ஏதோ ஒரு வரி அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எந்த வரியாக இருக்கும் என்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள், பொங்கி வழிந்தபிறகும் நினைத்தாள். அந்த ஒருவருக்காகத் தொடங்கலாம். ஆயிரம் பேர் எதற்கு.

இன்று காலையில் இங்கே பார்வையின் ஓரங்களைச் சோதிக்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான், யார் வந்து போகிறார்கள் என்று தெரியாத மாதிரி இருந்தது. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு குழிக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, மோவாயைத் தாங்கியில் பதித்து, நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், வந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று வந்தது, அழுத்தினாள். ஒன்று வந்தது, அழுத்தினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. அங்கே ஏதோ வந்து போய்க்கொண்டிருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை என்பது அந்த அமைதியில் புரிந்தது. வெட்கமாக இருந்தது, அழைப்பு மணி அடித்தும் கதவைத் திறக்காத வீட்டைப் போல. வந்திருக்கும் என்று நினைத்து அழுத்தினாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் நிறுத்திவிட்டாள். "தெரியாததுக்கு அழுத்தாதீங்கம்மா. நீங்க அழுத்தினா அங்க பார்வை இருக்குன்னு தப்பா பதிவாகும்," என்றாள். சரி சரி என்றாள் இவள். அதற்குப் பிறகு விரல் பொத்தான்மேல் கனத்துக் கிடந்தது. இருட்டு பக்கவாட்டில் சுவர்போல நெருங்கி வருகிறது. சிதம்பரநாதன் இருந்தவரை சொட்டு மருந்தை அவர்தான் விடுவார், பெருவிரலால் இமையைத் தூக்கி, ஒரு சொட்டு வீணாக்காமல், மீட்டர் பார்க்கிற அதே கவனத்தோடு. முகம் மேலே வெகு பக்கத்தில் இருக்கும், பொடி வாசனை அடிக்கும். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இத்தனை வருஷமும் அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பாள். இப்போதுகூட அவர் பெயர் உதவத்தான் செய்கிறது, செத்தும் உதவுகிறது, கதவைத் தட்டினால் எல்லாரும் ஓடிவந்து திறக்கிறார்கள். திறந்தால் பின்னால் நிற்பவள் நான். அவர் பெயரில் அனுப்பினால் ஆயிரம் பேர் சேர்வார்களோ என்னவோ. மின்வாரியக்காரர்கள், உறவுக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், பாவம் நம்ம சிதம்பரம் என்று திறந்து, பாவம் என்று மூடுவார்கள். புத்தகம் வரும். அட்டையில் அவள் பெயர் இருக்கும், அட்டைக்குள் போகிற வழியெல்லாம் அவர் முகமாக இருக்கும். அவள் பெயரில் அனுப்பினால்? வடிவாம்பாள் யார்? சிதம்பரநாதன் வீட்டம்மா. அதற்கெல்லாம் யார் திறப்பார்கள். ஆனால் அந்த ஒருவர் திறப்பார், கவிதைக்காக வருகிறவருக்கு மேலே யார் பெயர் இருந்தால் என்ன. இந்த இடத்துக்கு வந்ததும் மனம் மறுபடியும் பாலைப் பார்க்கப் போய்விடும், எந்த வரி, எந்த வரி என்று.

"மதினி, தூங்கிட்டீங்களா?" என்றாள் ஆவுடை. இல்லை என்றாள். அந்த மெயில் விஷயம் என்னாச்சு, அடுத்தது எப்ப அனுப்புவீங்க என்று கேட்டாள் ஆவுடை, குரலில் என்றைக்கும் இல்லாத ஒரு கூச்சம். வடிவாம்பாள் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். நீ படித்தாயா என்று கேட்டாள். ஆவுடை புடவைத் தலைப்பை முறுக்குகிற சத்தம் கேட்டது.

"நான் தினம் திறந்து பாக்கேன் மதினி. பல்லு விளக்குனதும் பாக்கேன், சாமி கும்பிட்டுட்டு பாக்கேன். உள்ளே எல்லாம் படிக்கலை, பொய் சொல்லக் கூடாது. மேலே அந்தச் சின்ன வட்டத்துல அண்ணன் சிரிச்சுக்கிட்டு இருக்கில்லா, அதைப் பாத்துட்டு மூடிருவேன். ஊர்லருந்து அண்ணன் எழுதிப் போட்ட மாதிரி இருக்கும்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். மருந்து வண்டியின் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு தாண்டிப் போனது. வடிவாம்பாள் அந்த நேரங்களை மனதுக்குள் எண்ணினாள். விடிந்ததும், காலையில், மத்தியானத்துக்கு முன்னால். எந்த வரியும் இல்லை. பால் பொங்கி வழிந்ததும் அடுப்பைத் துடைத்ததும்தான் மிச்சம். ஆவுடையின் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அண்ணன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள் அவள், அவளுக்கு அந்த வட்டம் போதும். எனக்கும் கடைசியில் ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சப் போகிறது. அதற்குள் யார் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எளிமையான கேள்வி. இத்தனை நாள் அதைச் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், தொடங்கலாமா வேண்டாமா, ஆயிரம் பேர் சேருமா சேராதா என்று. இமையைத் திறந்தாள். கூடம் முழுவதும் ஒரே வெள்ளை. விளக்குகள் பூசணிப் பூவாக விரிந்து கிடந்தன. மடியில் போனின் முகம் வெறும் ஒளியாகத் தெரிந்தது, ஒரு எழுத்தும் இல்லை.

"ஆவுடை, இதை வாங்கு. மேலே அனுப்புறவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன இருக்கு?"

அண்ணன் பெயர் இருக்கிறது என்றாள் ஆவுடை.

"அதை அழிச்சிட்டு என் பேரைப் போடு. பக்கத்துல இருக்கிற போட்டோவையும் எடுத்துரு."

போனை வாங்கிய கை மட்டும் அவள் முழங்கால்மேல் பட்டுக்கொண்டிருந்தது. "அண்ணனை நானே அழிக்கணுமா மதினி?" என்றாள் ஆவுடை மெதுவாக. வேறு யாரிடம் கேட்பேன், எனக்குத் தெரியவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அதுவும் பரிதாபம் கேட்பதாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். ஆவுடையின் விரல் கண்ணாடியில் தட்டுகிற ஓசை தொடங்கியது. பின்னாலிருந்து அழிகிறது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள், பேசாமல் இருக்க அவளால் முடியாது. "நாதன் போயிட்டு. சிதம்பரம்னு நிக்கி... அதுவும் போயிட்டு. இப்ப வெறும் இன்ஜினியர் மட்டும் நிக்கி மதினி. அதையும் எடுக்கவா?" எடு என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போட்டோவை எடுக்கும்போது ஆவுடை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, உங்க பேர்ல ம்-முக்குப் பக்கத்துல பா-வா, கால் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு வரணும் என்று முணுமுணுத்தாள், வடிவுன்னு மட்டும் போட்டா போதாதா என்றாள். முழுசாகப் போடு என்றாள் வடிவாம்பாள். தன் பெயரை வேறொருத்தி எழுத்து எழுத்தாகத் தேடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது விசித்திரமாக இருந்தது, தொலைந்துபோன ஒரு சாமானை அக்கம்பக்கத்தார் தேடுவதுபோல. ஆச்சு என்றாள் ஆவுடை. போனைத் திருப்பி அவள் கையில் வைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தப் பொத்தானின்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்த வேண்டியது நீங்கதான், அதை நான் செய்ய மாட்டேன் என்றாள்.

அழுத்தினாள். இந்தத் தடவை நெருங்கிய சிலருக்கு அல்ல, பட்டியல் முழுவதற்கும். நர்ஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள், கண் பாப்பா நல்லா விரிஞ்சிருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிடுவார், அதுவரை மூடிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூடினாள். உள்ளே செந்நிற இருட்டு, அதில் டார்ச் விட்டுப்போன ஒரு பச்சைப் புள்ளி மிதந்து மிதந்து மங்கியது. தஞ்சாவூரில், தூத்துக்குடியில், அந்தப் போர்மேன் வீட்டில், எங்கெங்கோ மேசைகளின்மேலும் சட்டைப் பைகளிலும் இப்போது அவள் பெயர் போய் விழுந்திருக்கும், யாரும் கேட்காத ஒரு பெயர். அப்போது பக்கத்து இருக்கையில், ஆவுடையின் கைப்பைக்குள், அந்த மணி ஓசை எழுந்தது. பட்டியலில் ஆவுடையும் இருந்தாள். ஜிப் திறக்கும் சத்தத்துக்காக வடிவாம்பாள் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. தூரத்தில் யார் பெயரையோ இரண்டு தடவை கூப்பிட்டார்கள். ஆவுடை வளையலைச் சரிசெய்துகொண்டாள், தண்ணீர் பாட்டிலை இடம் மாற்றி வைத்தாள், பெருமூச்சு விட்டாள். கைப்பை அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தாயா என்று கேட்கலாம். கேட்டால் பார்ப்பாள், நல்லவள். வடிவாம்பாளின் பெருவிரல் மடியில், இல்லாத ஒரு பொத்தானின்மேல் தானாகப் போய் நின்றது. தெரியாததற்கு அழுத்தக் கூடாது. விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, கண்ணை இன்னும் இறுக மூடினாள்.